அம்பத்தூரில் செய்து குன்னூரில் அணைந்த கணப்பு

குளிர் என்றால் என்னவென்று சரியாகத் தெரியாமலேயே இருபத்தெட்டு வருஷம் குளிருக்கான சாமான் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். மேனாம்பேட்டில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி. மார்கழிக் காலையில்கூட சைக்கிள் மிதித்துப் போய் இறங்கினால் எனக்கு முதுகு நனைந்துதான் இருக்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் மின்சாரக் கணப்பு செய்து ஊட்டிக்கும் குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரோரம் வைக்கிற பெட்டி அது. முன்னால் கண்ணாடி, உள்ளே பிளாஸ்டிக் விறகு. சுவிட்சைப் போட்டால் விறகு எரிகிற மாதிரி வெளிச்சம் ஆடும். மேலே இருக்கும் இடுக்கு வழியாகச் சூடான காற்று வரும். நெருப்பு பொய், சூடு நிஜம். கம்பெனியில் அதை ஃபயர்ப்ளேஸ் என்று யாரும் சொன்னதில்லை, 'பொய் நெருப்பு' என்றுதான் சொல்வோம். முதலாளி காதில் விழுந்தால் மட்டும் பேரை மாற்றிக்கொள்வோம்.

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷமாகிறது. போன மாதம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இனிமேல் வாடிக்கையாளர் கேள்விக்கெல்லாம் கம்ப்யூட்டரே பதில் சொல்லுமாம். அதற்குச் சொல்லிக்கொடுக்க, அடிக்கடி வருகிற கோளாறுகளை எழுதித் தரவேண்டும் என்றார்கள். எழுதினேன். இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷ வேலை இரண்டே பக்கமா என்று எனக்கு ஒரே ஆற்றாமை. என் இடத்தில் இப்போது இருக்கும் பெண்களிடம் சொன்னபோது, "அப்ப மீதியையும் எழுதுங்கக்கா" என்றார்கள். அந்த மீதிதான் இது.

சேர்ந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கம்பிச் சுருள் மாட்டுகிற பெஞ்சில் ஆறு வருஷம், டெஸ்டிங்கில் எட்டு வருஷம், அதன் பிறகு சர்வீஸ் பிரிவில் போன். வாய் ஓயாமல் பேசுகிறாள், பேசுகிற வேலையிலேயே போடுங்கள் என்று யாரோ சொல்லி, அப்படியே போட்டுவிட்டார்கள். சர்வீஸ் மேனேஜர் தணிகாசலம் சார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒல்லியான மனிதர், எப்போதும் அரைக்கைச் சட்டை, பையில் பென்சில். கணப்பு அணைந்துவிட்டது என்று ஒருவர் போன் செய்தால், அந்தப் பேச்சு முடிகிறவரை உட்கார மாட்டார். "அங்க ஒருத்தர் குளிர்ல நின்னுகிட்டு இருக்காரும்மா, நான் எப்படி உக்கார்றது?" என்பார். அவருடைய கோபம் இன்னும் விசேஷம். சந்தோஷமாக இருந்தால் "நீ, வா, போ". கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "நீங்க" என்றால் ஏதோ தப்பு செய்திருக்கிறோம். "வளர்மதி அவர்களே" என்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் வைத்த முறையும் அவரைப் போலத்தான். போன் வந்ததும் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. முதலில் சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, அதன் பிளாஸ்டிக் உடம்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். சூடாக இருந்தால் கோளாறு எங்கள் பெட்டியில் இல்லை, சுவரில் இருக்கிற லூஸான சாக்கெட்டில். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருந்தால் அங்கேயே பாதிக் கதை முடிந்தது. அடுத்து, ஒரு வெள்ளைத்தாளில் பென்சிலால் சதுரம் போட வேண்டும். அதுதான் அவர்கள் அறை. கதவு எங்கே, ஜன்னல் எங்கே, ஃபேன் ஓடுகிறதா, பெட்டி எந்தச் சுவர் ஓரம், மேலே என்ன வைத்திருக்கிறீர்கள், யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டுக் கேட்டு வரைய வேண்டும். வரைந்து முடித்த பிறகுதான், "சரி, இப்ப என்ன ஆச்சு, சொல்லுங்க" என்பது.

கேட்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சதுரத்துக்குள்ளேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பெட்டியின் மேலே ஈர சாக்ஸ் காயப்போட்டு, காற்று வெளியே வராமல் உள்ளே சூடு ஏறி அணைந்திருக்கும். பத்து மாதம் சும்மா கிடந்துவிட்டு முதல் நாள் போடும்போது வருகிற கருகல் நாற்றம், சுருளில் படிந்த தூசி. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி ஓட்டினால் போய்விடும். வெளிச்சம் ஆடுகிறது, சூடு வரவில்லை என்றால் சூட்டுத் திருகை அறையின் சூட்டைவிடக் கீழே வைத்திருப்பார்கள். இதெல்லாம் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது.

ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு ஃப்ளாட்டிலிருந்து வந்த போன் மட்டும் அதில் இல்லை. பேசியவருக்கு ஐ.டி.யில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். "மேடம், உங்க ஃபயர்ப்ளேஸ் வாங்குனதுலேருந்து எங்க வீட்டு ஏசி கூலே ஆக மாட்டேங்குது" என்றார். சதுரம் போட்டேன். ஏசிக்கு நேர் கீழே கணப்பு.

"சார், வெளிச்சத்தை மட்டும் போட்டுக்கங்க. ஹீட் பட்டனை அமுக்காதீங்க."

"ஹீட் இல்லாம எப்படி மேடம் அந்த ஃபீல் வரும்?"

நான் சிரிப்பை அடக்க வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். தணிகாசலம் சார் அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அணைந்துபோகாத கணப்புக்கு உட்கார்ந்து பேசலாம் என்று ஒப்புக்கொண்டார்.

இனி குன்னூர் விஷயம். இது நடந்தபோது நான் போன் வேலைக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது.

பத்மாவதி அம்மா குன்னூரில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை மடங்கிவிட்டது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்த விரல்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும். அறை சூடாக இருந்தால்தான் விரல் விரியும். அதற்காகவே எங்கள் கணப்பை வாங்கினார். அது சரியாக இருபதாவது நிமிஷம் அணைந்துவிடும். பிறகு ஆறி, திரும்பப் பற்றிக்கொள்வதற்குள் கணவரின் விரல்கள் மடங்கிவிடும்.

வேறு பெட்டி அனுப்பினோம். அதுவும் இருபது நிமிஷம். இன்னொன்று அனுப்பினோம். அதுவும் அப்படியே. திரும்பி வந்த பெட்டிகளைச் சர்வீஸ் பெஞ்சில் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே சூட்டை வெளியே தள்ளுகிற சின்ன ஊதுகாற்றாடி மந்தமாக இருந்தது. அது சோம்பினால் உள்ளே சூடு ஏறும், ஏறினால் கட்-அவுட் என்கிற பாதுகாப்பு சுவிட்ச் சுருளுக்குப் போகிற கரண்டை நிறுத்திவிடும். முதல் இரண்டையும் லாரியில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிட்டோம். மூன்றாவதும் அப்படியே வந்ததும் முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பெட்டியையும் முழுச் சூட்டில் நாற்பது நிமிஷம் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம். ஓட்டியவர் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அட்டை பெட்டியோடு வாடிக்கையாளர் வீட்டுக்கே போகும். குன்னூரிலிருந்து வந்த மூன்று அட்டையிலும் ஒரே கையெழுத்து. உருண்டை உருண்டையாக, தமிழில், 'நூர்'.

நூர்ஜஹான் ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். டெஸ்டிங்கில் நான் எழுந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். மதியம் எங்கள் இரண்டு டிபன் பாக்ஸும் சேர்ந்துதான் திறக்கும்.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, அட்டைகளை மேஜையில் போட்டார். "அம்பத்தூர் வெயில்ல நாப்பது நிமிஷம் ஓடுன பொட்டி, குன்னூர் குளிர்ல இருபது நிமிஷத்துல நிக்குமா? யார் காதுல பூ சுத்தறீங்க? ஓட்டாமலே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றார். பிறகு தணிகாசலம் சாரிடம், "இந்த அம்மாவை சனிக்கிழமையோட நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குப் புதன்கிழமை.

நூர் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தேற்றியிருப்பேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, "நான் ஓட்னேன்க்கா" என்றாள். "மூணையும் ஓட்னேன். ஒன்னு ஓடிகினு இருக்கசொல்ல நீகூட வந்து குந்தி டீ குடிச்சியே. வேல போனா போவுது. ஆனா பொய் கையெழுத்து போட்டவன்னு சொல்லி அனுப்புனா, இந்த எஸ்டேட்டுல எவன்க்கா என்னை உள்ள உடுவான்?"

அவள் சொன்னது சரிதான். எஸ்டேட்டில் ஒரு கேட்டில் சொன்னது மறுநாள் எல்லாக் கேட்டுக்கும் தெரிந்துவிடும். அவள் ஓட்டினாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டியும் எப்படிக் கோளாறு தப்பியது என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. 

தணிகாசலம் சார் என் மேஜைக்கு வந்தார். "வளர்மதி, நீங்க குன்னூர் ரூமை வரைஞ்சீங்களா?"

'நீங்க' என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வரையவில்லை. பத்மாவதி அம்மா பாடம் நடத்துகிற மாதிரி அத்தனை தெளிவாகக் கோளாறைச் சொன்னதால், அறையைக் கேட்கவே தோன்றவில்லை. மூன்று தடவையும் நேராக மெஷினுக்குப் போய்விட்டேன். உடனே போனைப் போட்டேன்.

"அம்மா, இன்னைக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டேன். உங்க ரூமைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

சொன்னார். ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னல் இடுக்கில் துணி திணித்திருக்கிறது. கட்டிலுக்கு மூன்றடி தள்ளிக் கணப்பு. அதன் மேலே ஒன்றும் இல்லை. நான் வரைந்துகொண்டே வழக்கம்போலக் கேட்டேன், "ஃபேன் எங்கம்மா இருக்கு?"

"ஃபேனா?" என்று சிரித்தார். "எங்க வீட்டுல ஃபேனே கிடையாதும்மா. மாட்டறதுக்குக் கொக்கிகூட இல்ல. இந்த ஊர்ல ஃபேன் எதுக்கு?"

'ஃபேன் இல்லை' என்று எழுதினேன். எழுதும்போதே அடுத்த அறையிலிருந்து, டெஸ்டிங்கிலிருந்து, அந்தப் பெரிய ஸ்டாண்டு ஃபேன் சுற்றுகிற சத்தம் என் காதில் விழுந்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த ஃபேன் நான் வாங்கிக் கொடுத்தது. அதாவது, முதலாளியிடம் சண்டை போட்டு வாங்க வைத்தது. நான்கு கணப்பு ஒரே நேரத்தில் எரிகிற அறையில், சித்திரை மாதத்தில், நூர் ஒரு நாள் மயங்கி விழுந்துவிட்டாள். நான் எட்டு வருஷம் அதே அறையில் வெந்தவள்தான், ஆனால் எனக்காகக் கேட்கத் தோன்றியதே இல்லை. அவளுக்காக ஒற்றைக் காலில் நின்றேன். ஃபேன் வந்த வருஷம் ஆயுத பூஜையில் மெஷின்களுக்கு முன்னால் அதற்குத்தான் முதலில் பொட்டு வைத்தோம்.

டெஸ்டிங் அறைக்குப் போய்ப் பார்த்தேன். ஃபேன் காற்று நூர் தோளைத் தாண்டி நேராக நான்கு கணப்புகளின் வாயிலும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் ஊதுகாற்றாடி செய்ய வேண்டிய வேலையை வெளியே இருந்து எங்கள் ஃபேன் செய்துகொண்டிருந்தது. நல்ல காற்றாடி இருந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. புதிதாக வந்த சரக்கில் இருந்த மந்தக் காற்றாடியையும் அது காப்பாற்றி, பாஸ் பண்ண வைத்து, குன்னூருக்கு வழியனுப்பியிருக்கிறது.

ஃபேனை அணைத்தேன். "இன்னாக்கா பண்ற?" என்றாள் நூர்.

"குந்து. ஜன்னலை மூடு. அந்தப் புதுக் காத்தாடி போட்ட பொட்டி ஒன்னை எடுத்துப் போடு."

இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் கண்ணில் வியர்வை இறங்கியது. தணிகாசலம் சாரும் வந்து ஓரமாக நின்றார். இருபத்திரண்டாவது நிமிஷம் 'டக்' என்று ஒரு சின்ன சத்தம். வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது, சூடு நின்றுவிட்டது.

"குன்னூரோ அம்பத்தூரோ, உள்ள ஏர்ற சூட்டுக்கு அது பெரிய வித்தியாசமே இல்ல" என்றார் சார். "காத்து நகருதா இல்லையா, அவ்வளவுதான்."

நூர் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் பொய் சொல்லலல்லக்கா?" என்றாள். அவளுக்கே சந்தேகம் வருகிற அளவுக்கு அந்த மூன்று அட்டைகள் அவளைப் படுத்தியிருந்தன. அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். நல்லது என்று நினைத்து நான் செய்த காரியம் அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதே என்று எனக்குத் தாங்கவில்லை.

நேராக முதலாளி அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். "அந்த ஃபேன் நான் கேட்டு வாங்குனது சார். தப்பு என்னோடது" என்றேன்.  "புதுக் காத்தாடி மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்க. அந்த ஃபேனை இன்னைக்கே தூக்குங்க" என்றார்.

"அப்ப நூர்ஜஹான் விஷயம், சார்?"

"வேலையைப் பாக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். வந்து சொன்னதும் நூர் தலையை ஆட்டினாள். "எல்லாரையும் நிக்க வச்சு பொய் கையெழுத்துன்னாரு. இப்ப ரூம்புக்குள்ள உன்னான்ட சொல்லி அனுப்புனா ஆச்சா? வேல செய்றேன்க்கா, பொட்டிய ஓட்டுறேன். ஆனா அட்டைல கையெழுத்து போட மாட்டேன். அவரே வந்து போட்டுக்கட்டும்."

இத்தனைக்கும் கோபமே வராத பெண். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஓட்டி முடித்த பெட்டிகள் கையெழுத்து இல்லாமல் சுவரோரம் அடுக்கிக்கொண்டே போயின. கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டியும் கேட்டைத் தாண்ட முடியாது. அவள் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை தணிகாசலம் சார் முதலாளியின் அறை வாசலில் போய் நின்றார். "முதலாளி அவர்களே, தாங்கள் ஒரு முறை டெஸ்டிங் அறைக்கு வந்து, நாற்பது நிமிஷம் அமர்ந்து பார்க்க வேண்டும்" என்றார். கம்பெனியில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்று புரிந்துவிட்டது. முதலாளி மட்டும் மரியாதையாகக் கூப்பிடுகிறாரே என்று எழுந்து வந்தார்.

ஃபேன் இல்லை, ஜன்னல் மூடியிருந்தது. நல்ல காற்றாடி மாட்டிய நான்கு பெட்டிகளை நூர் ஓடவிட்டாள். அதில் ஒன்று குன்னூருக்குப் போக வேண்டியது. அவள் கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலாளி ஸ்டூலில். ஐந்தாவது நிமிஷம் கைக்குட்டை வெளியே வந்தது. பத்தாவது நிமிஷம் மேல் பட்டன். இருபதாவது நிமிஷம் சட்டை ஒட்டி பனியன் தெரிந்தது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும்.

முப்பதாவது நிமிஷம் கேட்டார், "தினமும் இப்படித்தானா?"

"ஃபேனு வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் சார்" என்றாள் நூர். "ஒரு நாளைக்கு எட்டு வாட்டி."

நாற்பதாவது நிமிஷம் நான்கும் எரிந்துகொண்டிருந்தன. வாசலில் நாங்கள் எல்லாரும் கூடியிருந்தோம். நூர் குன்னூர்ப் பெட்டியின் அட்டையை எடுத்து, நேரத்தை எழுதி, 'நூர்' என்று கையெழுத்துப் போட்டாள். பேனாவையும் அட்டையையும் முதலாளியிடம் நீட்டினாள்.

"நீங்களும் கூட இருந்து ஓட்னீங்க இல்ல சார். போடுங்க."

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார், எங்களை ஒரு தரம் பார்த்தார். அவள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போடும்போதே நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அதன் மேல் விழுந்தது. துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் இழுவிவிட்டது. "தண்ணி குடும்மா" என்று நூரிடம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே அறைக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு வந்தது. கணப்புகள் காற்றில்லாமல் உள்ளே, நூர் ஃபேனோடு வெளியே.

பத்து நாள் கழித்து பத்மாவதி அம்மாவின் போன். எடுக்கும்போதே எழுந்து நின்றுவிட்டேன், சார் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. ஆனால் கணப்பு அணையவில்லை. ஒரு மணி நேரமும் நின்று எரிகிறதாம். அவர் கணவர் அன்றைக்குக் காலையில் நான்கு விரலை முழுசாக விரித்தாராம். சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் உடைந்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, ஆசிரியைக் குரலுக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, இந்தத் தடவை அட்டையில ரெண்டு கையெழுத்து இருக்கே? நூரைத் தெரியும், மூணு தடவை பாத்துட்டேன். கீழ இருக்கறது யாரு?"

"அவர் டெஸ்டிங்குக்குப் புதுசுங்கம்மா. நூர்கிட்ட இப்பத்தான் வேலை கத்துக்கறார்."

"அப்படியா? எழுத்து கொஞ்சம் கலைஞ்சிருக்கு. பரவாயில்ல, போகப் போகச் சரியாயிரும்னு சொல்லு."

அன்றைக்குச் சாயங்காலமே முதலாளியிடம் போய், ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே சொன்னேன்.